பேரேட்டில் பெயர் உண்டு, தொழில் எங்கே?

(தீப்பெட்டித் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது இது: "ராஜாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஜமீன்தாருக்குத் தஸ்தாவேஜு இருக்கிறது. கட்டை அடுக்கியே கண் மங்கிப்போனவளுக்கு என்ன இருக்கிறது? நாலு தலைமுறை கழித்து அவள் வம்சத்தில் ஒருவன் அவளைத் தேடினால் எங்கே போய்த் தேடுவான்?"

இதற்குப் பதிலை நம் ஊரிலிருந்து அல்ல, தீப்பெட்டி வளர்ந்த ஊரிலிருந்து சொல்லப் போகிறோம். ஸ்வீடன் தேசத்தின் தென்பாகத்தில், வெட்டர்ன் என்ற பெரிய ஏரியின் தென்கரையில், யோன்ஷோப்பிங் என்று ஒரு நகரம். நாம் இன்று 'சேஃப்டி மேட்ச்' என்று அச்சடித்து ஒட்டுகிறோமே, அந்தத் தீப்பெட்டியை உலகத்துக்குத் தந்த ஊர் அது. அங்கே மருந்து முக்கியவர்கள், குச்சி அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுகிறவர்களில் பலர் ஸ்வீடனில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை சுமார் 12 லட்சம் ஸ்வீடன் ஜனங்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் வம்சம் மின்னசோட்டாவிலும் இல்லினாயிலும் பரவிக் கிடக்கிறது. "எங்கள் பாட்டியின் பாட்டி ஸ்மோலாண்டுக்காரி, தீக்குச்சி ஆலையில் வேலை செய்தவளாம்" என்று வீட்டில் ஒரு சொல் வழங்கிவரும். கையில் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

ஒரு பேச்சுக்கு அவள் பெயரை அன்னா என்று வைத்துக்கொள்வோம். 1846-இல் பிறந்தவள் என்றும், தகப்பன் பெயர் யோஹான் என்றும் வைத்துக்கொள்வோம். நாமே புனைந்த ஆள்தான். ஆனால் தேடுகிற வழி புனைவு அல்ல.

பாதிரியாரின் பரீட்சை

ஸ்வீடனில் 1686-ஆம் வருஷம் ஒரு திருச்சபைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பங்கின் பாதிரியாரும் பிறப்பு, கல்யாணம், சாவு, ஊருக்குள் வந்தவர், ஊரைவிட்டுப் போனவர் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்றது. இதோடு விட்டிருந்தால் விசேஷமில்லை. பல தேசங்களில் மாதாகோவில் பதிவேடு உண்டு. ஸ்வீடன் பாதிரியார்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். காலாகாலத்தில் கிராமத்துக்குப் போய் ஜனங்களை ஒரு வீட்டில் கூட்டி வைத்துப் பரீட்சை நடத்தினார்கள். வேத வினாவிடை மனப்பாடமாகத் தெரிகிறதா, அச்செழுத்தைப் பார்த்துப் படிக்க வருகிறதா என்று எஜமானிலிருந்து மாட்டுக்காரப் பையன் வரைக்கும் கேட்டு மார்க் போட்டார்கள். மார்க் போட்ட புத்தகத்துக்கு வீட்டுப் பரீட்சைப் பேரேடு என்று பெயர்.

நம் கர்ணம் எழுதிய அடங்கலில் நிலம்தான் கதாநாயகன். நிலமில்லாதவன் அதில் இல்லை. இந்தப் பேரேட்டில் நிலம் உள்ளவனும் இல்லாதவனும் ஆத்துமக் கணக்கில் ஒன்று. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். குடும்பத் தலைவன், அவன் மனைவி, பிள்ளைகள், வேலைக்காரி, பண்ணையாள், ஒட்டுக் குடித்தனமாக அண்டி இருக்கும் கிழவி என்று வரிசையாகப் பெயர். பெயருக்கு எதிரே பிறந்த தேதி, பிறந்த பங்கு, எங்கிருந்து வந்தார், எங்கே போனார், அம்மை குத்தியாயிற்றா, படிப்பு எப்படி, நற்கருணைக்கு வந்த நாட்கள் எவை என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். குருடு, நொண்டி, பிச்சை வாங்குகிறவர், திருட்டுக் கேஸ் எல்லாம் அங்கே. ஒரே பக்கத்தை ஐந்து வருஷம், சில இடத்தில் பத்து வருஷம் வரை வைத்து எழுதுவார்கள். செத்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்துவிடுவார்கள். பழக்கமில்லாதவர் அந்தக் கோட்டைப் பார்த்து, பிழை திருத்தம் என்று நினைத்துவிடுவார். அந்தக் கோடுதான் தேடுகிறவனுக்கு வழிகாட்டி: ஆள் இங்கே இல்லை, அடுத்த புத்தகத்துக்குப் போ என்று அர்த்தம்.

ஜனங்கள் மேல் உள்ள அன்பினால் இதைச் செய்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆத்துமத்தை எண்ணினால் வரி கொடுப்பவன் எத்தனை, பட்டாளத்துக்கு ஆள் எத்தனை என்பதும் சேர்ந்து தெரிந்துவிடுகிறது. 1749 முதல் இந்தப் புத்தகங்களிலிருந்து தொகைகளை வாங்கி சர்க்கார் ஜனத்தொகைக் கணக்கே போட்டது. கூட்டிப் பார்த்தால் சுமார் 18 லட்சம்தான் வந்தது! இவ்வளவு சிறிய தேசமா என்று எதிரி தெரிந்துகொள்ளக் கூடாதென்று அந்தத் தொகையை ராஜாங்க ரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். எந்த நோக்கத்துக்கு எழுதினாலும் சரி, எழுதினது எழுதினதுதான். 1991 ஜூன் வரையில் ஜனங்களின் பதிவு மாதாகோவில் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் வரி இலாகாவுக்குப் போயிற்று.

அன்னா ஆலைக்கு வந்த வழி

சரி, தேடுவோம். முதல் சங்கடம் பெயர். அந்தக் காலத்து ஸ்வீடன் ஏழைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப் போலத் தகப்பன் பெயர்தான். யோஹானின் மகள் அன்னா என்றால் அன்னா யோஹான்ஸ்தோத்தெர். அவள் தம்பி யோஹான்சன். அன்னாவுக்கும் கார்லுக்கும் மகன் பிறந்தால் அவன் கார்ல்சன். ஆக, தாத்தா, தகப்பன், மகன் மூவருக்கும் வேறு வேறு கடைசிப் பெயர். குடும்பப் பெயரை நிலையாக்கி ஸ்வீடனில் விதி வந்ததே 1901-இல்தான். அமெரிக்காவில் இறங்கியதும் யோஹான்சன் ஜான்சன் ஆகிவிட்டான். ஒரு பங்கில் அன்னா யோஹான்ஸ்தோத்தெர் ஒரு டஜன் பேர் இருப்பார்கள். ஆகவே அனுபவப்பட்டவர்கள் சொல்லும் யோசனை: பெயரை நம்பாதே, பிறந்த தேதியைப் பிடி. பெயர் மாறும், ஊர் மாறும். பாதிரியார் ஒவ்வொரு புத்தகத்திலும் பார்த்து எழுதும் தேதி அநேகமாக மாறாது.

இரண்டாவது சங்கடம் பங்கு. ஸ்வீடனில் சுமார் 2,500 பங்குகள். எல்லாப் பேரேடும் பங்கு வாரியாகத்தான். பங்கின் பெயர் தெரியாவிட்டால் கடலில் ஊசி தேடுகிற கதை. இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு கைப்பிடி உண்டு. அங்கே போன ஸ்வீடன் லுத்தரன் பாதிரிமார்கள் சொந்த ஊர்ப் பழக்கத்தை விடாமல் அங்கும் பேரேடு எழுதினார்கள். உறுப்பினர் பிறந்த பங்கையும் பல இடங்களில் குறித்தார்கள். அதிலிருந்து கடலைத் தாண்டலாம். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து மார்மன் சபையார் 1948 முதல் ஸ்வீடன் பேரேடுகளைப் பிலிம் சுருளில் படம் எடுத்தார்கள். அவர்களுக்கு அது மத காரியம். 2018 முதல் ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகம் தன்னிடமுள்ள பக்கங்களின் படங்களை இணையத்தில் காசில்லாமல் பார்க்கத் திறந்துவிட்டது. யோன்ஷோப்பிங் வட்டாரத்தின் அசல் ஏடுகள் 1899-இல் வாட்ஸ்டீனா கோட்டையில் அமைக்கப்பட்ட வட்டார ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. ராஜா கட்டிய கோட்டைக்குள் கூலிக்காரியின் பெயர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது!

இனி அன்னாவின் பக்கம். ஸ்மோலாண்டு கல்லும் காடும் நிறைந்த பூமி. 1867-இல் குளிர் நீண்டு வடக்கே பயிர் போயிற்று. 1868-இல் மழை பொய்த்துத் தெற்கே பயிர் கருகியது. அந்த வருஷங்களில் எத்தனையோ பெண்களின் வரிமேல் கோடு விழுந்து, 'போன இடம்' என்ற கட்டத்தில் ஊர் பெயர் ஏறியது. ஊரைவிட்டுப் போக வேண்டுமானால் பாதிரியாரிடம் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டைக் கொண்டுபோய்ப் புது ஊர்ப் பாதிரியாரிடம் கொடுக்க வேண்டும். இரு பக்கமும் பதிவு. நம் அன்னாவின் கட்டத்தில் 1868, யோன்ஷோப்பிங் என்று இருந்தால், அந்த நகரத்தின் கிறிஸ்டினா பங்குப் பேரேட்டை எடுத்து, அவ்வருஷம் வந்தோர் பட்டியலில் தேட வேண்டும். தேதி ஒத்துப்போனால் ஆள் கிடைத்துவிட்டாள்.

ஆள் கிடைத்துவிட்டாள், தொழில் கிடைக்கவில்லை. அவள் பெயருக்கு முன்னால் 'பீகா' என்று இருக்கும். வேலைக்காரப் பெண் என்று அர்த்தம். கல்யாணம் ஆகாத எந்த ஏழைப் பெண்ணுக்கும் பாதிரியார் பழக்க தோஷத்தில் எழுதும் பட்டம் அது. கல்யாணம் ஆனால் இன்னும் மோசம். புருஷனுக்கு முன்னால் 'தொழிலாளி' என்று இருக்கும். அவளுக்கு முன்னால் மனைவி என்பதைக் குறிக்க ஒரு சுருக்கெழுத்து, அவ்வளவுதான். அவள் விடியற்காலையில் எழுந்து ஆலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பியவளாக இருக்கலாம். பேரேட்டுக்கு அவள் மனைவி. ஒன்பது வயதுப் பிள்ளை ஆலையில் குச்சி அடுக்கியிருக்கலாம். பேரேட்டுக்கு அவன் மகன். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆலை

1840-களின் நடுவில் யோஹான் எட்வர்ட் லுண்ட்ஸ்ட்ரோம், கார்ல் ஃபிரான்ஸ் லுண்ட்ஸ்ட்ரோம் என்ற இரு சகோதரர்கள் யோன்ஷோப்பிங்கில் தீக்குச்சி செய்யத் தொடங்கினார்கள். 1848-இல் கட்டிய அவர்கள் ஆலைக் கட்டடம் பிற்காலத்தில் தீப்பெட்டி மியூசியம் ஆயிற்று. ஆஸ்பென் மரத்தைச் சீவிக் குச்சி செய்வது, சட்டத்தில் அடுக்குவது, மருந்தில் முக்குவது, உலர்த்துவது, பெட்டியில் அடைப்பது — நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வேலையாட்களில் பெண்களும் பிள்ளைகளும் ஏராளம். பெட்டி ஒட்டும் வேலை நகரத்து ஏழை வீடுகளுக்குப் போயிற்று. மரச்சீவலும் காகிதமும் வாங்கி வந்து, அடுப்படியில் பசை காய்ச்சி, தாயும் பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டிக் கொடுத்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்கினார்கள். சாத்தூர்ப் பக்கத்து வீட்டுத் திண்ணையை யோன்ஷோப்பிங்கில் கொண்டுபோய் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது, குளிரைத் தவிர!

அன்றைய தீக்குச்சியின் தலையில் இருந்தது வெள்ளைப் பாஸ்பரஸ். மஞ்சள் பாஸ்பரஸ் என்றும் சொல்வார்கள். எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். சுவரில் கிழிக்கலாம், செருப்படியில் கிழிக்கலாம். ஜனங்களுக்கு அது வசதி. ஆனால் அந்தப் பாஸ்பரஸ் கொடிய விஷம். மருந்து முக்கும் அறையிலும் உலர்த்தும் அறையிலும் அதன் ஆவி நிற்கும். வேலை செய்து வீடு திரும்பிய பெண்ணின் துணி இருட்டில் மினுமினுக்கும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும்.

முதலில் பல்வலி. சொத்தைப் பல் வழியாகத்தான் அந்த விஷம் எலும்புக்கு இறங்குகிறது. பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. ஈறு வீங்கும். தாடை எலும்பு உயிரோடிருக்கும் உடம்பிலேயே செத்துப்போகும். சீழ் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நாற்றம் தாங்காமல் சொந்த ஜனங்களே தள்ளி உட்காருவார்கள். கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டும். வைத்தியம் என்று இருந்தது ஒன்றுதான்: செத்த எலும்பை அறுத்து எடுப்பது. அறுத்த பிறகு பிழைத்தவர்கள் உண்டு. முகம் முகமாக இருக்காது. வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்தும், வேலையை விட்ட பிறகும்கூட நோய் தலை காட்டும். ஆகவே முதலாளி "என் ஆலையில் இல்லை, எங்கோ வாங்கி வந்தது" என்று சொல்ல வசதியாயிற்று.

தெரியாமல் நடந்ததா? இல்லை. வியன்னாவில் லோரின்சர் என்ற டாக்டர் 1845-இல், யோன்ஷோப்பிங் ஆலை பிறந்த அதே காலத்தில், இது தீக்குச்சித் தொழிலாளரின் நோய் என்று எழுதிவிட்டார். மாற்று வழி இல்லாமல் நடந்ததா? அதுவும் இல்லை. 1844-இலேயே ஸ்வீடன் விஞ்ஞானி குஸ்தாவ் எரிக் பாஷ், பாஸ்பரஸைக் குச்சியின் தலையிலிருந்து எடுத்து உரசும் பட்டையில் வைக்கும் முறைக்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். வெள்ளைப் பாஸ்பரஸைக் காற்றுப் படாமல் சூடேற்றினால் விஷமற்ற சிவப்புப் பாஸ்பரஸ் ஆகும். அந்தச் சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டிப் பக்கத்தில் பூசிய தீப்பெட்டியை லுண்ட்ஸ்ட்ரோம் ஆலை 1855 பாரிஸ் கண்காட்சியில் வைத்து மெடல் வாங்கியது. மெடல் வாங்கியது ஒரு தீப்பெட்டி. மலிவாக அடித்து விற்றது இன்னொரு தீப்பெட்டி. இரண்டும் பல வருஷம் பக்கத்தில் பக்கத்திலேயே ஓடின.

நோயைப் பேரேட்டில் தேடுவது

இங்கேதான் தேடுகிறவன் மூளையைச் செலவிட வேண்டியிருக்கிறது. 'பீகா' என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்தைச் சுற்றிப் படிக்க வேண்டும்.

நகரப் பேரேடு மனை வாரியாக, வளவு வாரியாக எழுதப்பட்டது. அன்னா குடியிருந்த வளவின் மற்ற பக்கங்களைப் புரட்டினால், அண்டை அயலார் பெயருக்கு முன்னால் 'ஆலைத் தொழிலாளி' என்று வரிசையாக வரலாம். நகரின் மேற்கு ஓரத்தில், ஆலைக்கு நடந்துபோகும் தூரத்தில், வளவு முழுக்க ஆலை ஆட்களாக இருந்தால் அதுவே ஒரு சாட்சி. அடுத்து, அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தால் ஞானஸ்நானப் பதிவு. அதில் தாயின் வயதோடு, ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்றவர்களின் பெயரும் தொழிலும் இருக்கும். ஏழைக்குச் சாட்சி நிற்பவர் யார்? சேர்ந்து வேலை செய்கிறவர்தான். சாட்சிப் பெண் 'ஆலைத் தொழிலாளி' என்றால், இந்தத் தாயும் அநேகமாக எங்கே வேலை செய்தாள் என்று ஊகிக்கலாம். இந்தச் சாட்சி வரியைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். நம் அபிப்பிராயத்தில் பேரேடு முழுவதிலும் தொழிலாளியைப் பற்றி அதிகம் சொல்லும் வரி அதுதான்.

பிறகு சாவுப் புத்தகம். அதில் நோயின் பெயர் உண்டு. பல காலம் எழுதினவர் டாக்டர் அல்ல, பாதிரியார். காசம், மார்புச் சளி, காய்ச்சல் என்று பொதுவாக எழுதிவிடுவார். பாஸ்பரஸ் தின்றது என்று எழுத மாட்டார். ஆனால் 'பேன்ரோத்தா' என்று ஒரு பழைய ஸ்வீடிஷ் சொல் இருக்கிறது. எலும்பு அழுகல் என்று அர்த்தம். அது வேறு நோய்களுக்கும் எழுதப்பட்டதுதான். ஆனால் தீக்குச்சி நகரத்தில், ஆலை வளவில், முப்பது முப்பத்தைந்து வயதில் செத்த பெண்ணின் வரியில் அந்தச் சொல்லைக் கண்டால், அங்கே நிறுத்தி, அந்த வளவில் அதே வருஷங்களில் வேறு யார் யார் எதனால் செத்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு ஆளைத் தேடப் போனவன் அந்த இடத்தில் ஒரு தெருவையே தேடுகிறவனாகி விடுகிறான்.

இன்னும் ஒரு தஸ்தாவேஜு: செத்தவரின் சொத்துப் பட்டியல். 1734-ஆம் வருஷத்துச் சட்டப்படி எடுக்க வேண்டியது. சட்டி, பானை, போர்வை, ஆடு, கடன் எல்லாம் விலை போட்டு எழுதி, வாரிசுகள் பெயரும் எழுதுவார்கள். பட்டியல் போடக்கூட ஒன்றும் இல்லாதவர்களுக்கு 'ஏழை' என்று ஒரு சான்றிதழோடு முடித்துவிடுவதும் உண்டு. அன்னாக்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

டீடாஹோல்ம்

தாடை அழுகல் மெதுவாகக் கொன்றது. ஒரே நாளில் கொன்றதும் உண்டு. யோன்ஷோப்பிங்குக்கு வடக்கே டீடாஹோல்ம் என்ற ஊரில் வல்கன் என்ற தீக்குச்சி ஆலை. 1875-ஆம் வருஷம் அங்கே தீப்பிடித்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் சிறு வயதினர். அந்தப் பங்கின் சாவுப் புத்தகத்தில் அந்த ஒரு வேளையின் சாவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மற்ற பக்கங்களில் மறைந்து கிடந்த பிள்ளைத் தொழிலாளி இந்தப் பக்கத்தில்தான் வெளியே வருகிறான். வயதுக் கட்டத்தைப் படித்தாலே போதும், யார் வேலை செய்தார்கள் என்று விளங்கிவிடும். பிள்ளைகள் தொழிலாளிகள் என்பதைப் பேரேடு ஒப்புக்கொள்ள அவர்கள் சாக வேண்டியிருந்தது!

ஆறு வருஷம் கழித்து, 1881-இல், பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஆலை வேலை கூடாது, பன்னிரண்டு முதல் பதினாலு வரை நாளைக்கு ஆறு மணி நேரம்தான் என்று ஸ்வீடனில் விதி வந்தது. 1889-இல் தொழில் ஆபத்துக்களிலிருந்து பாதுகாப்பு என்று ஒரு சட்டமும், அதோடு ஆலை ஆய்வாளர்களும் வந்தார்கள். வீட்டில் பெட்டி ஒட்டிய பிள்ளைக்கு இரண்டாலும் பயனில்லை. வீடு ஆலையல்லவே!

விஷக்குச்சி போன இடமெல்லாம்

லண்டனில் பிரையண்ட் அண்டு மே கம்பெனி முதலில் யோன்ஷோப்பிங் சரக்கை வாங்கி விற்ற கம்பெனி. லுண்ட்ஸ்ட்ரோமிடம் பிரிட்டிஷ் பேடண்டையும் வாங்கியது. அப்படியும் மலிவான விஷக்குச்சியை விடவில்லை. 1888-இல் அந்த ஆலையின் பெண்களும் சிறுமிகளுமாகச் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். அவர்கள் நிலையைப் பத்திரிகையில் எழுதி உலகத்துக்குக் காட்டியவர், பின்னாளில் நம் அடையாற்றில் வந்து குடியிருந்த அன்னி பெசன்ட்.

ஸ்வீடன் 1901-இல் தன் தேசத்துக்குள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி விற்கக் கூடாதென்று தடை போட்டது. தொழிலாளியின் தாடைக்காக மட்டும் அல்ல. குச்சித் தலையைச் சுரண்டிக் கரைத்துக் குடித்துக் கருவைக் கலைக்கப் பார்த்து, ஏழைப் பெண்கள் பலர் செத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு காரணம். தடை வந்ததே என்று சந்தோஷப்பட்டால், அதில் ஒரு ஓட்டை: ஏற்றுமதிக்கு அடிக்கலாம்! ஆகவே 1901-க்குப் பிறகும் ஸ்வீடனில் யாரோ ஒருத்தி அந்த மருந்தில் முக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஸ்வீடன் வீட்டு அடுப்புக்கு ஆகாத குச்சி வெளிதேசத்து அடுப்புக்கு ஆகும் என்பது வியாபார தர்மம் போலும். 1906-இல் ஸ்விட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் ஏழு தேசங்கள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸை விலக்கக் கையெழுத்திட்டபோது, பாதுகாப்புத் தீப்பெட்டியின் தாயகமான ஸ்வீடன் அந்த ஏழில் இல்லை. ஆகையால் 'தடை வந்துவிட்டது, இந்த நோய் இருக்காது' என்று வருஷத்தைப் பார்த்துச் சாவுப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் 1913-இல் வந்தது. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து ஆலை தொடங்கியது 1923-இல். அதே 1923-இல்தான் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி இந்தியாவில் விம்கோ என்று கிளை விட்டது. அந்தத் தாய்க் கம்பெனி, 1917-இல் இவார் குரூகர் என்ற முதலாளி யோன்ஷோப்பிங், வல்கன் முதலிய ஆலைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி உண்டாக்கியது. கடன் கொடுத்துப் பல சர்க்கார்களிடம் ஏகபோகம் வாங்கி, 1932-இல் பாரிஸில் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தான் அவன். திருவொற்றியூரில் விம்கோ ஆலை எழுந்த இடத்தில், ரயில் நிலையத்துக்கே விம்கோ நகர் என்று பெயர். நம் தோழர்கள் எத்தனையோ தடவை அங்கே ஏறி இறங்கியிருப்பார்கள். ஆக, நம்மவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்தபோது தாடையைத் தின்னும் மருந்து சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது. எரியும் மருந்து மட்டும் மிச்சம் இருந்தது.

மகன் போன கப்பல்

அன்னாவுக்குத் திரும்புவோம். அவள் வரியில் கோடு விழுந்த பிறகு, மகன் கார்ல்சன் இன்னொரு வீட்டின் பக்கத்தில் வளர்ப்புப் பிள்ளையாகத் தென்படுவான் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வயதில் சபையில் திடப்படுத்தப்படுவான். பின்னால் ஒருநாள் அவன் வரிமேலும் கோடு விழும். 'வட அமெரிக்கா' என்று இருக்கும். அங்கிருந்து கோத்தன்பர்க் துறைமுகப் போலீஸ் பட்டியலுக்குப் போக வேண்டும். 1869 முதல் வெளியேறியவர்கள் அதில் பதியப்பட்டிருக்கிறார்கள். பெயர், வயது, கடைசியாக இருந்த ஊர், போகும் இடம் எல்லாம் இருக்கும். அங்கிருந்து ஹல், ரயிலில் லிவர்பூல், மறுபடியும் கப்பல். மின்னசோட்டாவில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பேத்தி அந்தப் பட்டியலில் தன் தாத்தாவைப் பிடித்தால், தாத்தாவிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து சாட்சி வரிக்கும், சாட்சி வரியிலிருந்து ஆலைக்கும் பின்னோக்கி நடக்கலாம். நாம் முன்னோக்கிச் சொன்னதை அவள் பின்னோக்கிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி கேட்ட தோழருக்கு ஒன்று. நம் ஊரில் ஆலைக்குள் வேலை செய்கிறவர் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கலாம், பி.எப். சீட்டில் இருக்கலாம். திண்ணையில் பெட்டி ஒட்டியவள் பெயர் ஏஜெண்டின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. நோட்டுத் தீர்ந்தால் அடுப்புக்குப் போயிற்று. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் பெட்டி ஒட்டிய, கட்டை அடுக்கிய வயதான பெண்களின் பெயர், பிறந்த ஊர், எந்த வயதில் வேலைக்கு வந்தார், கூட உட்கார்ந்து ஒட்டியவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தாளும் பென்சிலும் வாசலில் வைத்திருக்கிறோம்.